ரேகை விழாத கட்டைவிரல்

எங்கள் வீட்டை வாங்கியது அம்மா. பத்திரத்தில் இருந்தது மாமாவின் பெயர். இந்தக் கூத்துக்குக் காரணம் அம்மாவின் இடது கட்டைவிரல்.

அப்பா காலமான பிறகு அம்மா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை செய்தாள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டு மயிரை அலசிப் பிரிக்கிற வேலை. பல வருஷம் சுண்ணாம்புத் தண்ணீரில் கிடந்து விரல் ரேகை மழுங்கிப்போயிற்று. படிக்காதவள், கைநாட்டுதான் வைக்க வேண்டும். வீடு வாங்கிய அன்று பதிவு ஆபீசில் மூன்று முறை ஒற்றியும் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்ததாம். குமாஸ்தா அலுத்துக்கொள்ள, கையெழுத்துப் போடத் தெரிந்த பெருமையோடு மாமா தன் பெயரில் எழுதிக்கொண்டார். கூடப்பிறந்த தம்பிதானே என்று அம்மாவும் இருந்துவிட்டாள்.

மாமாவுக்குக் கல்யாணம் ஆனதும் வீடு நிஜமாகவே அவருடையதாகிவிட்டது. ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் முன்னால் மாமாவை நிறுத்தி நியாயம் கேட்டாள்.

மாமாவுக்கு நாலு பேர் முன்னால் கெட்ட பெயர் எடுக்கவும் மனமில்லை, வீட்டை விடவும் மனமில்லை. "நான் இன்னா மாட்டேன்னா சொல்றேன்? உன் ரேகை ஆபீஸ்ல விழட்டும்க்கா, அன்னிக்கே உன் பேருக்கு எய்திக் குடுத்துர்றேன்" என்று சிரித்தார்.

"கேட்டுக்கினீங்களா ஐயா?" என்றாள் அம்மா உபதேசியாரிடம். "அது வரிக்கும் நான் காலி பண்ண மாட்டேன்."

மறுநாளே சுண்ணாம்புக் குழியை விட்டுவிட்டு, பாதிக் கூலிக்குக் காய்ந்த தோல் அடுக்கப் போனாள். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொள்வாள். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. எங்களுக்கு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ், அந்த விரலுக்கு மட்டும் தினம் விளக்கெண்ணெய். எட்டு வயதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கம்மா மகாராணி ஆகிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். காதில் விழுந்தும் அவள் அசையவில்லை. ஞாயிறுதோறும் விளக்குக் கரியை விரலில் தடவி அடுப்பங்கரைச் சுவரில் ஒற்றிப் பார்ப்பாள். வாரக்கணக்கில் வெறும் பொட்டு. பிறகு ஒரு நாள் பொட்டுக்குள் மெல்லியதாக இரண்டு கோடு.

ரேகை முழுசாகத் தெரிந்த வாரமே உபதேசியாரையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனாள். போகும்போது மாமா ஜட்காவில் சிரித்துக்கொண்டே இருந்தாராம். விரலை ஒற்றி எடுத்ததும் சிரிப்பு போய்விட்டதாம். சொன்ன சொல்லை விழுங்க உபதேசியார் விடவில்லை. வீடு அம்மாவின் பெயருக்கு வந்தது.

கிறிஸ்துமசுக்கு அம்மா வெறுங்கையால் சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க வெள்ளையடித்தாள். அடுப்பங்கரையில் அந்தக் கரிப் பொட்டுகள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். சுண்ணாம்பு போதவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஊரெல்லாம் நான் அவளைக் கேலி பேசியதற்கு ஈடாக ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தேன். அவள் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு கேட்டு வாங்கிவந்து, கரி தெரியாமலிருக்க மூன்று தரம் பூசினேன்.

சாயந்திரம் வந்த அம்மா சுவரில் பொட்டுகள் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, சுண்ணாம்பு பட்ட விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி, விளக்கெண்ணெய் தடவினாள். எனக்கோ, செய்த வேலைக்கு ஒரு பொரி உருண்டையாவது வாங்கித் தருவாளா என்பதுதான் கவலை.