இரண்டு மாடும் ஒரு விற்றமின் குளிசையும்

போன மாதம் ஒரு புதன்கிழமை. கிளிநொச்சியில் என் வீட்டுப் படலையில் அக்கா வந்து நின்றார். வட்டக்கச்சியில் இருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, தோளில் பை, முகம் நிறையச் சிரிப்பு. காலில்... ஒரே ஒரு செருப்பு.

“அக்கா, மற்றச் செருப்பு எங்கை?”

குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“அட, பஸ்சுக்கை கழண்டிட்டுது போல.”

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். பிறகு எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் இருந்து என் வீடு வரை சரளைக்கல் ஒழுங்கை. நல்ல வெயில் வேறு. ஒரு கால் வெறுங்காலாக அந்த ஒழுங்கையில் நடந்து வருகிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

“கால் விறைக்குதோ அக்கா?”

“கொஞ்ச நாளா பஞ்சுக்கு மேலை நடக்கிற மாதிரித்தான் கிடக்கு. வயசு போகுதெல்லே!”

வயது! எங்கள் ஆட்களுக்கு எந்த வருத்தம் வந்தாலும் முதலில் மாட்டுவது பாவம் இந்த வயதுதான். அக்காவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. சைக்கிளில் போய்ப் புல்லு வெட்டிக்கொண்டு வருகிற ஆள். கதையைக் கிண்டினால், சைக்கிள் மிதிக்கும்போது கால் வழுக்குகிறது, போன கிழமை முள்ளு ஏறினதும் தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அடுத்த நாளே இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

இரத்தம் எடுத்தார்கள். விற்றமின் பி12 அடிமட்டத்தில் கிடந்தது. டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, கண்டிப்பும் கனிவும் சரிசமமாகக் கலந்த முகம். கேள்விகளை அடுக்கினார்.

“மச்சம் சாப்பிடுவீங்களோ அம்மா?”

“இல்லை டொக்டர்.”

அக்கா மச்சம் விட்டது நேர்த்திக்கு. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது மகள் ரம்யா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை எழும்பினால் இனி மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டேன் என்று அம்மனிடம் சொன்னார். பிள்ளை எழும்பிவிட்டாள், இப்போது மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் படிக்கிறாள். அக்கா சொன்ன சொல்லை இன்றைக்கும் மீறவில்லை. இரணைமடுக் குளத்து மீன் வீடு தேடி வந்தாலும் அது அத்தானுக்கு மட்டும், தனிச் சட்டியில்.

“முட்டை?”

“அதுவும் இல்லை.”

“பால், தயிர்?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கட வீட்டில ரெண்டு மாடு கறக்குது டொக்டர்!”

எவ்வளவு பெருமை அந்தக் குரலில்! பக்கத்தில் இருந்த நானும் தலையை ஆட்டினேன். டொக்டர் யோசித்தார். பால் வீட்டு ஆளுக்கு ஏன் இவ்வளவு குறைகிறது? ஒருவேளை குடல் அதை உறிஞ்சவில்லையோ? முதலில் ஊசி போட்டார்கள். அதன் பிறகு கூடின அளவில் குளிசை, நீண்ட காலத்துக்கு. யாழ்ப்பாணம் போய்க் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கவும் வேண்டுமாம்.

“இது நரம்பு விசயம் அம்மா. குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் விறைப்பு நிரந்தரமா நிண்டிடும்.”

அந்தக் குளிசை ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள்.

பாமசிக்குப் போனோம். கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்டி, வாயால் ஒன்றும் சொல்லாமல் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நல்ல மனிதர்... சில தொகைகளை வாயால் சொன்னால் பாவம் என்று நினைத்திருப்பார். சந்தையில் ஒரு பிடி கீரைக்கு ஊரே கேட்கப் பேரம் பேசுகிற அக்கா, அங்கே ரகசியம் போலக் கேட்டார்.

“இது ஒரு கிழமைக்கோ தம்பி?”

“ஒரு மாதத்துக்கு அம்மா.”

“அப்ப பத்து நாளைக்குத் தாங்கோ.”

கவனித்திருக்கிறீர்களா? மருந்துக்கடையில் எவருக்கும் குரல் தானாக இறங்கிவிடுகிறது. சேலைக்கடையில் “விலை கூட” என்று சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. மருந்துக்கு அதைச் சொன்னால் மட்டும் எங்கள் உயிருக்கு நாங்களே விலை குறைத்துப் பேசுவது போல ஒரு கூச்சம் வருகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு பாதி வாங்குகிறோம்.

நான் காசை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“உன்ர பிள்ளையளுக்கு வை. நான் பாத்துக்கொள்ளுறன்.”

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது இரண்டு கிழமை கழித்து போனில்தான் தெரிந்தது.

“அக்கா, குளிசை முடிஞ்சிருக்குமே. வாங்கினீங்களோ?”

“இன்னும் கிடக்கு.”

“பத்து நாளைக்கு வாங்கினது எப்பிடி அக்கா கிடக்கும்?”

“ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறன். விலை கூடின மருந்தெல்லே... உடம்பில நிண்டு வேலை செய்யும்தானே?”

நல்ல கோபம் வந்தது எனக்கு. பயமும்தான். விறைப்பு நின்றுவிட்டால் சைக்கிள் இல்லை, புல்லு இல்லை, மாடு இல்லை. அக்கா அக்காவாகவே இருக்கமாட்டார். சனிக்கிழமை காலையிலேயே வட்டக்கச்சிக்கு வெளிக்கிட்டேன். பேசித் தீர்ப்பது என்ற முடிவோடுதான் போனேன்.

நான் போய் இறங்க, பால் எடுக்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் படலையால் வெளியே போனது. அத்தான் வயலுக்குப் போய்விட்டார். அக்கா என்னைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனார். எனக்குப் பால் தேத்தண்ணி வந்தது. தனக்கு ஒரு கோப்பையில் வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் நக்கிக்கொள்ளக் கொஞ்சம் சீனி.

ஒரு வாய் குடித்தேன். அந்த ருசி எனக்கு நன்றாகத் தெரியும்... என் வீட்டுக் குசினியிலும் அதே ருசிதான்.

“அக்கா, இது பால்மாவோ?”

“ஓம். ஆரும் வந்தால் குடுக்க எண்டு ஒரு பைக்கற் வாங்கி வைக்கிறனான்.”

“வீட்டுப் பால்?”

“அதுதானே இப்ப கொண்டு போறார்.”

“முழுக்கவோ?”

“பின்னை? ரம்யாவின்ர ஹொஸ்டல் காசு அதிலைதானே.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். “அப்ப நீங்கள் பால் குடிக்கிறேல்லையோ?”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “விக்கிற பாலை ஆரும் குடிப்பினமோ?”

வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். இதற்கு நான் சிரிப்பதா, அழுவதா? கணக்கு இப்படிப் போகிறது. மாட்டுப் பாலை விற்கிறோம். அந்தக் காசில் விருந்தாளிக்கு மாவுப் பால் வாங்குகிறோம். நாங்கள் வெறுந்தேத்தண்ணி குடிக்கிறோம். கால் விறைக்கிறது. விற்ற பாலில் இருந்த அதே சத்தை, பாமசியில் கல்குலேட்டர் பார்த்து, பாதியாய் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறோம்!

அக்காவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் இது இல்லை? முற்றத்துக் கோழி இட்ட முட்டை கடைக்குப் போகும், பிள்ளைகள் கடையில் பிஸ்கற் வாங்குவார்கள். நல்ல நெல்லை மூட்டையாக ஏற்றி அனுப்பிவிட்டு, மிஞ்சின நொய்யில் கஞ்சி வைப்போம். எல்லாம் இழந்து திரும்பவும் தொடங்கின ஆட்கள் நாங்கள். கையில் எது வந்தாலும் அது விற்கிற சாமான் என்றுதான் கண்ணுக்குப் படுகிறது.

“அக்கா, டொக்டர் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறா தெரியுமோ? நீங்கள் ஒவ்வொரு நாளும் பால் குடிச்சும் சத்து ஏறேல்லை எண்டு. அதுதான் அந்தக் கூடின குளிசை. அதுதான் யாழ்ப்பாணத்துக் குழாயும்.”

அக்காவுக்கு அந்தக் குழாயை நினைத்தாலே நடுக்கம். ஆனால் டொக்டரிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நடுக்கம்.

“வீட்டில ரெண்டு மாடு நிக்க, நான் பால் குடிக்கிறேல்லை எண்டு எப்பிடியடி சொல்லுறது? வெக்கம்கெட்ட கதை.”

“அப்ப குழாயை விழுங்குங்கோ.”

அக்கா தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பிறகு, “நீ சொல்லு, நான் பக்கத்தில நிக்கிறன்” என்றார்.

“ஏலாது. மாடு உங்கட மாடு.”

செவ்வாய்க்கிழமை கிளினிக். அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். நான் கூரையைப் பார்த்தேன். டொக்டர் வழமைபோல, “குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மா?” என்று தொடங்கினார். அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டது, பால் முழுக்கக் கொடுத்தது, வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கைச் சீனி... பால்மா பைக்கற்றைக்கூட விடவில்லை.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். ஏச்சு விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது சிரிப்பு.

“எங்கட அம்மாவும் இப்பிடித்தான். முருங்கை இலையை வித்துப்போட்டு இரும்புச்சத்துக்கு அயன் குளிசை வாங்கிறவா.”

பிறகு முகத்தைத் திரும்பக் கண்டிப்பாக்கிக்கொண்டு விளக்கினார். குடலில் பழுது இருக்கத்தான் வேண்டும் என்றில்லை. சத்து உள்ளே போகவே இல்லை என்றால் எப்படி ஏறும்? யாழ்ப்பாணத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். ஊசியை ஆஸ்பத்திரியிலேயே இன்னும் கொஞ்ச நாள் போடலாம். குளிசை சாதாரண அளவு போதும், ஆனால் தவறாமல் ஒவ்வொரு நாளும். பால் மட்டும் குடித்து இந்தக் குறையை நிரப்பவும் முடியாது, பால் இல்லாமல் குளிசையை நம்பிக் காலம் தள்ளவும் கூடாது. மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்ப்பார்கள். ஏறாவிட்டால் அப்போது யாழ்ப்பாணம்.

அக்கா மெல்ல என் கையைச் சுரண்டினார். நான் விளங்காத மாதிரி இருந்தேன். கடைசியில் அவரே கேட்டார்.

“டொக்டர்... இதிலை விலை குறைஞ்ச கொம்பனி இருக்கோ?”

“இருக்கு அம்மா. அதே மருந்துதான், பேர்தான் வேறை. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம்தான். எங்களுக்குத்தான் அந்த ஒரு வசனம் தொண்டைக்குள் நின்றுவிடுகிறதே. பாமசிக்காரர் திரும்பவும் கல்குலேட்டரைத் தட்டினார். இந்த முறை வாயைத் திறந்து தொகையைச் சத்தமாகவே சொன்னார். அக்கா ஒரு மாதத்துக்கும் முழுக்க வாங்கினார். வீட்டுக்கு நிறுத்துகிற பாலால் குறையும் வருமானத்துக்கு, மருந்தில் மிஞ்சின காசே ஈடாகும் என்று பஸ்ஸில் வரும்போது கணக்கும் பார்த்துவிட்டார். ரம்யாவின் ஹொஸ்டல் காசில் கை வைக்கத் தேவையில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அக்காவை நான் முழுதாக நம்பவில்லை. அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன். காலையில் பால் கறந்ததும், குசினிக்குள் போய் ஒரு சட்டியில் ஊற்றி அடுப்பில் வைக்கும் வரை பின்னாலேயே நின்றேன். பால் பொங்கி வந்தது. அக்கா ஒரு கோப்பையில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். கள்ளமாகக் குடிப்பது போல இரண்டு தரம் வாசலை வேறு பார்த்தார்! சொந்த மாட்டுப் பாலைச் சொந்தக் குசினியில் குடிக்க ஒரு மனுசி இவ்வளவு பயப்படுவாரா?

அதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பால் எடுக்கிறவர் வந்து அளந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“என்னக்கா, பால் குறையுது? மாடு வத்துதோ?”

அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“இல்லைத் தம்பி... வீட்டில குடிக்கிற கன்றுக்குட்டி ஒண்டு கூடிப்போச்சு.”