யானை பார்க்கத் தங்கிவிட்டேன்

மெர்டேக்கா என்று இங்கே சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், மலாக்கா காஜா பெராங்கில் நான் குடியிருந்தபோது, என்னை நம்பி ஒருவர் கொடுத்த பிரஜாவுரிமை மனுவைப் பாழாக்கினேன். கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் பொய்யும் சொன்னேன். அவர் இந்த நாட்டில் இருக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. இனி இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன இளம் ஆசிரியன். நாங்கள் ஏழு இளைஞர்கள் மாலை நேரத்தில் ஒரு கொட்டகையில் மேசை போட்டு, தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுத்தால் மலாய்ப் பரீட்சை இல்லாமலே பிரஜையாகலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. எங்களிடம் வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. பெயர், கப்பல் ஏறிய வருடம், வேலை செய்த தோட்டம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நிரப்பி, கட்டுக்கட்டாகப் பிரஜாவுரிமை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். நான் காரியதரிசி. மனுக்கள் என் தோல்பையில்தான் இருக்கும்.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, பொதுப்பணி அலுவலகத்தில் கெராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த எங்கள் தலைவர் ஒரு யோசனை சொன்னார். வருடம் முழுக்க உழைத்துவிட்டோம், பகாங்கில் தெம்பெலிங் ஆற்றுக்கு மேலே இருக்கும் காட்டுக்குப் போய் மிருகங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். கம்யூனிஸ்டுப் போராளிகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத எங்களுக்கு அது பெரிய விஷயம். அவர் அனுமதியும் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திரும்புவதாகத் திட்டம். கெடு அதற்கு இரண்டாம் நாள், சனிக்கிழமை மதியம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, நான் பாழாக்கிய மனுவுக்கு உரியவர் வந்தார். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடம் பால் வெட்டியவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனைவி மலாக்காவிலேயே பிறந்தவர் என்பதால் அவருக்குச் சிக்கல் இல்லை. இவர்தான் தமிழ்நாட்டில் பிறந்து வந்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கிறார்கள், துரை வருகிற புதன்கிழமை சீமைக்குக் கப்பல் ஏறுகிறார், அதற்குள் கேட்டு வாங்கிவிட்டேன் என்று சொல்லி, பதினெட்டு வருடத்துக்கும் சாட்சியாகத் துரை எழுதிக் கொடுத்த கடிதத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. நான் மனுவை நிரப்பி, அவருடைய கட்டை விரல் ரேகையை வைத்து, கடிதத்தையும் சேர்த்துப் பையில் வைத்தேன். காலையில் அலுவலகம் திறந்ததும் கொடுத்துவிடுகிறேன், மத்தியான பஸ்ஸில்தான் பயணம் என்றேன்.

காலை ஆறு மணிக்கே தலைவர் ஒரு லாரியோடு வாசலில் வந்து நின்றார். நாங்கள் ரயில் ஏற வேண்டிய தம்பினுக்குச் சும்மா போகிற லாரியாம். எல்லாரும் ஏறியிருந்தார்கள். அலுவலக வேலை இருக்கிறது என்று நான் இழுத்தேன். ஒருவன், "காஜா பெராங்கில் குடியிருந்துகிட்டு ஒரு காஜாவைக்கூடப் பார்க்காதவன் நீ. ஏறுலா," என்றான். மலாயில் காஜா என்றால் யானை, எல்லாரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை வந்துவிடுவோமே, வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. தோள்பட்டையில் அந்தப் பையோடு ஏறிவிட்டேன். பையை வீட்டில் வைத்துவிட்டு வர ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்கூட நான் இறங்கவில்லை.

ரயில் பயணம் முடிந்து சனிக்கிழமை நீளப் படகில் ஏறினோம். ஆற்றில் கல்லும் சுழிப்பும் நிறைந்த ஓர் இடத்தில் படகு சாய்ந்து பாதி அளவு தண்ணீர் உள்ளே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே தண்ணீரை இறைத்தோம். முகாமுக்குப் போய்ச் சட்டையைக் காயப்போடும்போதுதான் பையைத் திறந்தேன். மனு களியாகக் கரைந்திருந்தது. துரையின் கடிதத்தில் மை ஓடி, தாள் முழுக்க நீலமாக இருந்தது. மனுக் கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது.

தலைவரிடம் காட்டினேன். அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்: காலையில் சாமான் படகு திரும்புகிறது, அதில் போனால் செவ்வாய்க்கிழமைக்குள் மலாக்கா, துரை புதன்கிழமைதான் கிளம்புகிறார், இன்னொரு கடிதம் வாங்கிவிடலாம்.

"நானும் கூட வர்றேன். கிளம்பு," என்றார்.

நீங்கள் ஏன் வரவேண்டும், நான் மட்டும் போகிறேன் என்று சொன்னேன். படுக்கும்வரை போவதாகத்தான் இருந்தேன். விடிந்து படகோட்டி கூப்பிட்டபோது, மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு காட்டுக்குள் போகத் தயாராக நின்றார்கள். இரண்டு மணி நேர நடையில் மிருகங்கள் உப்பு மண்ணை நக்க வருகிற இடம், அங்கே உயரமான பரண், யானைகள் வந்த தடம் நேற்றுத்தான் இருந்ததாம். நான் படகோட்டியிடம் வரவில்லை என்று கை காட்டினேன். தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. துரை நிச்சயம் பயணத்தைத் தள்ளிப்போடுவார், இந்த ஊரில் எது சொன்ன நாளில் நடக்கிறது என்று நான் ஏதோ உளறினேன்.

இரண்டு நாள் பரணில் இருந்தோம். முதல் நாள் காட்டுப் பன்றிகளைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் அவை வந்தன. ஐந்து பெரிய யானைகள், ஒரு குட்டி. அவ்வளவு பெரிய உடம்புகள் ஒரு குச்சிகூட முறியாமல் எப்படி வந்தன என்று தெரியவில்லை. முதலில் மரங்கள்தான் இருந்தன, பிறகு யானைகள் இருந்தன. ஒன்று காலால் மண்ணைக் கிளறிக் கொடுக்க, குட்டி அதில் தும்பிக்கையை வைத்துத் தடவியது. என் வாழ்நாளில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த கணக்கு வெறும் கால் மணி நேரம்தான். அதற்காக என்ன கொடுத்தேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த யானைகளைப் பற்றி என் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ ஒரு நாளும் பேசியதில்லை.

திரும்பும்போது அந்தக் காகிதக் களியை யாரும் பார்க்காமல் ஆற்றில் விட்டேன். வியாழக்கிழமை ஊருக்கு வந்தோம். துரை சொன்னபடியே புதன்கிழமை போயிருந்தார். அப்போதும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொல்லி, கடிதம் இல்லாமலாவது ஒரு புது மனுவைக் கொடுத்திருக்கலாம். அன்று மாலை அவரே கொட்டகைக்கு வந்து, கொடுத்தாச்சா தம்பி என்று கேட்டார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். கொடுத்தாச்சு அண்ணே, கூப்பிடுவார்கள் என்றேன். தலைவர் கேட்டபோது, மனுக் கொடுத்தவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன் என்று இன்னொரு பொய் சொல்லி அதையும் மூடினேன்.

அவரைக் கூப்பிடவில்லை. மாதக்கணக்கில் என்னிடம் வந்து கேட்டார். பிறகு தாமே அலுவலகத்துக்குப் போனார். கெடு முடிந்துவிட்டதால் பரீட்சை வைத்தார்கள். பசாரில் மீன் வாங்குகிற மலாய் அவருக்கு நன்றாக வரும். அதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடத்துக்கு அத்தாட்சியும் இல்லை. இரண்டு முறை முயன்று விட்டுவிட்டார். தோட்டம் போனபின் செங்கில் ஒரு ரப்பர் கிடங்கில் வேலை பார்த்தார். வெளிநாட்டவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு பத்து வருடம் ஓடியது. நானும் ஏறக்குறைய மறந்து வாழ்ந்தேன்.

பிறகு, பிரஜையல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்தது. அவருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. வேலை போனது. மனைவியையும் மகளையும் இங்கே விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏற வேண்டிய நிலைமை. அப்போதும் என்னிடம்தான் வந்தார், நல்லபடியாக ஒரு மனு எழுதித் தரச் சொல்லி.

அந்த மனுவில் முதல்முறையாக உண்மையை எழுதினேன். சத்தியப் பிரமாணம் செய்து, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். அதை அவரிடம் படித்துக் காட்டாமல் அனுப்ப மனம் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். மனைவியும் சின்னப் பெண்ணும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஆற்றையும் யானையையும்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முடிச்சைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "வேற ஆளைப் பிடிச்சு அந்தக் கெடுவுக்குள்ளேயே ஒரு மனு எழுதிப் போட்டிருப்பேனே."

நான் அழுதேன். அவர் அழவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு, வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா உங்க வீட்டுப் படி ஏறமாட்டா. எனக்குக் கடுதாசி எழுத, நான் போடுறதைப் படிக்க, அவளுக்கு வேற யாரு இருக்கா?"

அவர் போய் மூன்று மாதம் கழித்து அந்த மனுவுக்குப் பதில் வந்தது. ஆதாரம் இல்லாததால் பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரி.

ஏழு வருடம் அந்த அம்மாவுக்காகக் கடிதம் எழுதினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் யாரையோ வைத்து எழுதி அனுப்பும் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரி எனக்கு வணக்கம் சொல்வதாக இருக்கும். அதையும் நானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் இறந்த செய்தியையும் நான்தான் படித்தேன். அந்த அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு யார் இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த அம்மாவும் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்வதில்லை என்று கொடுத்த வாக்கு முடிந்தது என்று நினைத்து, போன வருடம் அவர்களுடைய மகளைத் தேடிப் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கே இப்போது பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கப்பா முகமே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார். இதை இறக்கி வைக்க நான்தான் கிடைச்சேனா?" என்று கேட்டார். பிறகு கதவைத் திறந்து விட்டார்.

அவர் கேட்டது நியாயம். இனி யாரிடமும் இதை இறக்கி வைக்க எனக்கு உரிமை இல்லை என்பதை அந்தக் கதவருகே நின்றபோதுதான் புரிந்துகொண்டேன். அதனால் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை, ஒரு மனிதரை இந்த ஊர் இழந்தது எப்படி என்று எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.