மைனஸ் நாற்பதும் என் கவிதைகளும்

கணினியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று என் கணவர் கேட்டபோது, நான் அதே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து கங்கோங் கீரையை எடுத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கையில் அளவுநாடா.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில், இருபத்திரண்டு வருடங்களாக வேலை. ஓர் இரும்பு அறைக்குள் சிப்பை வைத்து, மைனஸ் நாற்பது டிகிரிக்கு இறக்கி, அந்தக் குளிரிலும் அது சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பது அவர் தொழில். பாலம் தாண்டி வீடு வந்து சேரும்போது உலகமே அவருக்குச் சூடாகத் தெரியும். சோறு சூடு, நாற்காலி சூடு, என் பேச்சு எல்லாவற்றையும்விடச் சூடு.

என் கணினியும் சூடாகத்தான் இருந்தது. ஜார்ஜ் டவுனில் மேற்கு பார்த்த ஒன்பதாம் மாடி வீடு எங்களுடையது. பிற்பகல் வெயில் வந்து உட்கார்ந்தால், மலைக்குப் பின்னால் போகும்வரை என் மேசையைவிட்டு எழுந்திருக்காது. அந்த வெயிலில் கணினி இருபது நிமிடம் ஓடும், ராத்திரியில் அரை மணி. உள்ளே விசிறி முதலில் முனகும், பிறகு இரையும், பிறகு ஊளையிடும். அப்புறம் திரை கறுத்துவிடும். நான் எழுதிய வரி கண்ணுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டிருக்கும்.

வேறு கணினிக்கு மாற வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்பது எளிது. பதினைந்து வருடமாக ஒரே எழுத்துரு, ஒரே பழைய தட்டச்சு மென்பொருள். அது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். கணவரின் மடிக்கணினியில் திறந்தபோது என் கவிதைகள் எல்லாம் புள்ளியும் கொம்பும் முளைத்த ஏதோ ஐரோப்பிய மொழியாக மாறிக் கிடந்தன. ஒரு பக்கம் முழுக்கப் பார்த்தேன். ஒரு வரியிலாவது என்னை அடையாளம் தெரிகிறதா என்று. தெரியவில்லை.

அச்சகத்து அண்ணன் வேறு தொலைபேசியில் கறாராகச் சொல்லியிருந்தார். "தங்கச்சி, அடுத்த வெள்ளிக்குள்ள குடுத்துரு. அதுக்கப்புறம் மெஷின்ல காலண்டர் ஏறிடும். ஏறிச்சுன்னா பொங்கல் வரைக்கும் எறங்காது."

பொங்கல்வரை காத்திருப்பதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். எனக்குத்தான் என்னைத் தெரியும். ஒன்பது வருடங்களாகப் புத்தகம் வரவில்லை. எழுதாமல் இல்லை, கலைத்துக்கொண்டே இருந்தேன். வைத்திருந்தால் திருத்துவேன், திருத்தினால் அழிப்பேன், அழித்தபின் அதையே நினைத்து ஏங்குவேன். இரண்டு முறை ஒரு முழுத் தொகுப்பு இப்படியே கரைந்துபோயிருக்கிறது. இந்த அறுபத்து மூன்று கவிதைகளும் அடுத்த வெள்ளிக்குள் என் கையைவிட்டுப் போகாவிட்டால், பொங்கலுக்கு இவை இருக்காது. இது கணவருக்கும் தெரியும். அதனால்தான் அளவுநாடா.

"அவசரம்னு சொல்றே இல்ல? நாலு நாள் ஐஸ் பெட்டியில இருக்கட்டும் லா. திரை, கீபோர்டு எல்லாம் வெளிய. வயரு மட்டும் கதவு இடுக்குல போகும்."

"மாவு எங்க வைக்கிறது?"

"மேல் தட்டுல."

வைத்தோம். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையலறையில் நின்றபடி தட்டச்சு செய்தேன். முதல் அரை மணி நேரம் அற்புதமாக ஓடியது. கணவர் என் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்று, பரிசு வாங்கப் போகிறவர்போல முகத்தை வைத்திருந்தார். இரண்டாவது மணி நேரத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் நிற்காமல் உறுமத் தொடங்கியது. ஐஸ் பெட்டி, போட்ட பொருளைக் குளிரவைத்து அப்படியே காத்துக்கொள்ளத் தெரிந்த சாது. உள்ளே ஒருவன் உட்கார்ந்து ஓயாமல் அடுப்பு மூட்டினால் அது என்ன செய்யும்? சாயங்காலம் கதவைத் திறந்தேன். இட்லி மாவு பொங்கி, பாத்திரம் தாண்டி, கணினியின் தலைமேல் வழிந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் மாவு பொங்கிய வீடு இந்தத் தீவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"சூடு எங்கயும் போகல," என்றேன். "என் கணினியிலேர்ந்து என் மாவுக்கு வந்துருச்சு, அவ்வளவுதான்."

அவர் மாவைத் துடைத்தபடியே அடுத்த யோசனையை ஆரம்பித்தார். "எண்ணெயில முக்கி வைக்கலாம்மா. ஒரு மாதிரி எண்ணெய் இருக்கு, கரண்டு பாயாது. முழுப் பெட்டியும் அப்படியே உள்ள முங்கி இருக்கும். வெளிநாட்டுல செய்யறாங்க."

"எண்ணெய்க் குளியலா? அது ஆம்பளையா பொம்பளையான்னு முதல்ல சொல்லுங்க. சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையான்னு முடிவு பண்ணணும்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத மனிதரோடு வாழ்வதில் உள்ள சிரமம், நம் சிரிப்பையும் நாமே சிரித்து முடிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய் வேண்டாம் என்றானதும் ஐஸ் தண்ணீர் வந்தது. சக தொழிலாளி ஒருவரிடமிருந்து ஒரு செம்புக் கட்டியை வாங்கி வந்தார். அதில் இரண்டு ரப்பர் குழாய்கள். கட்டியை மூளைச் சிப்பின்மேல் உட்கார வைத்து, குழாய்களைக் கீழே ஒரு வாளியில் விட்டு, மீன் தொட்டிப் பம்பால் தண்ணீரைச் சுற்றவிட்டார். வாளிக்குள் முக்குக் காப்பிக்கடையில் வாங்கிய ஐஸ் ஒரு பை. தரையில் வாளி, மேசையில் கவிதை, நடுவில் இரண்டு குழாய். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருந்தது.

"பாத்தியா, பத்தொன்பது டிகிரிதான் காட்டுது!"

எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஊளை இல்லை. திரை கறுக்கவில்லை. முப்பத்தெட்டாவது கவிதையின் பக்க அமைப்பை முடித்து முப்பத்தொன்பதுக்குப் போனேன். அப்போது குழாய் வியர்ப்பதைப் பார்த்தேன். கடையில் ஐஸ் தேநீர்க் குவளை வியர்க்குமே, அதே வியர்வை. துளி துளியாகத் திரண்டு, குழாயின் வளைவில் கொஞ்சம் யோசித்து, உள்ளே விழுந்தது. பச்சை மின்சுற்றுப் பலகையில். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போனது.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். ஒன்பதாம் மாடியிலிருந்து தரைத்தளம்வரை கேட்டிருக்கும்.

"பாக்டரியில இப்படி ஆகாதும்மா," என்றார் கையைப் பிசைந்துகொண்டு. "அங்க காத்தை நல்லா காய வெச்சுத்தான் உள்ள விடுவோம்."

"இந்த ஊரு காத்துல மீன் வளக்கலாம்! அது உங்களுக்குத் தெரியாதா? துவைச்ச துணி மூணு நாளா காயல, கண்ணு தெரியல?"

அவர் குழாய்களைக் கழற்றினார். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, "நாள் பூரா ஃபேன் காத்துல தொறந்தே இருக்கட்டும். சாயங்காலம் போட்டுப் பாப்போம்," என்றார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "கவிதை பத்திரமா இருக்கும்," என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை. வெள்ளிக்கு நடுவில் ஒரே ஒரு நாள். நான் அந்தத் திறந்த பெட்டியின் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அதன் உள்ளே நான் எட்டிப் பார்த்ததில்லை. ஈரம் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. சுட்ட பிளாஸ்டிக் நாற்றத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தது வெள்ளிக்கிழமை வாசனை.

சாம்பிராணி.

மூளைச் சிப்பின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதற்கு, சீப்புப்பல் போல வரிசையாக உலோகத் தகடுகள் உண்டு. செம்புக் கட்டிக்கு இடம் விடுவதற்காகக் கணவர் அதை விசிறியோடு கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அவசரத்தில் திருப்பிப் பார்க்கவில்லை போலும். பல்லுக்குப் பல் நடுவே கறுப்பாக, கம்பளிபோல, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று அடைத்திருந்தது. விரலால் கிள்ளினேன். பிய்ந்து வந்தது. முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைத்தபின் வீடு முழுக்கத் தூபம் காட்டுவது நான்தான். சமையலறைக்கு ஒரு சுற்று, படுக்கையறைக்கு ஒரு சுற்று. எழுதும் மேசைக்கு மட்டும் மூன்று சுற்று. கவிதை வரும் இடம் என்று ஒரு மரியாதை. கொசு தொல்லை என்றால் தூபக்காலை மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டு எழுதுவேன். புகை வளைந்து நெளிந்து பெட்டிக்குள் போவதைக் கண் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரோ ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். ஏற்றுக்கொண்டது விசிறி.

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்தபடி ஓடாகக் காய்ந்திருந்தது. அதற்கு முந்தைய வருடத்துச் சந்தனம் அதற்கு அடியில். துடைக்கக்கூடாது என்று கணவரைத் தடுத்தவள் யார்? நானேதான்.

நாலு நாளாக நான் அந்த மனிதரைத் திட்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எரிச்சல் போகவில்லை, போவதற்கு வழி தெரியாமல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவருடைய சவர பிரஷ்ஷையும் ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் எடுத்துவந்து பல் பல்லாகச் சுரண்டினேன். ஒரு கிண்ணம் நிறையக் கரி வந்தது.

சாயங்காலம் வந்து, தகடுகளையும் விசிறியையும் பழையபடி பொருத்தி, பொத்தானை அழுத்தினார். ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. ஊளை இல்லை, வாளி இல்லை. கவிதைகள் அறுபத்து மூன்றும் இருந்தன. முதல் வேலையாக ஒரு பிரதி எடுத்துவைத்தேன்.

"பாத்தியா?" என்றார். "ஒரு தடவை சில்லுன்னு காட்டினதும் அதுக்குப் புத்தி வந்துருச்சு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அடுத்த வாரம் வீட்டில் உலர் பனிக்கட்டி வந்து இறங்கும். கிண்ணத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். சாமி மாடத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"தூசு ஆகாதுன்னு பாக்டரியில எங்களுக்கு உள்ள நுழையறதுக்கு முன்னாடி மூஞ்சிக்குப் பவுடர்கூடப் போடக்கூடாது," என்றார் மெதுவாக. "திருநீறையே தொடைச்சிட்டுத்தான் போறேன், இருபத்திரண்டு வருஷமா."

"சரி, சொல்லிக்காட்ட வேணாம்."

"நான் எங்க சொன்னேன்? நீயே இல்ல மூணு சுத்து சுத்தினே." அப்போதுதான் சிரித்தார். சிரித்து, இருமி, மீண்டும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை முழுவதும் கணினி நிற்காமல் ஓடியது. அதுதான் ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. பக்க அமைப்பு மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அச்சுக்கோப்பாக்கி அனுப்ப வேண்டியதுதான். சும்மா ஒரு தடவை வாசிப்போம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது கவிதையில் 'மழை' என்று இருந்ததைத் 'தூறல்' ஆக்கினேன். பிறகு தூறலை எடுத்தேன். வரியையே எடுத்தேன். வரி போனதும் கவிதை நொண்டியது. வெயில் மலைக்குப் பின்னால் போவதற்குள் நான்கு கவிதைகள் காணாமல் போயிருந்தன. என் கையை நிறுத்தக் கணினி திடீரென்று அணைந்துபோகவும் இல்லை.

கணவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கீழே பக்க எண்ணைப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரு கவிதை; நேற்று அறுபத்து மூன்று என்று அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, நான் வேணும்னா வாளிய எடுத்துட்டு வரட்டுமா?"

கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் அழித்த நான்கையும் புதன்கிழமைப் பிரதியிலிருந்து திரும்ப எடுத்து வைத்தேன். மழையை மழையாகவே விட்டேன். எழுத்துருவையும் உள்ளே சேர்த்து அச்சுக்கோப்பாக்கி, பென் டிரைவில் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டு, கணினியின் மின்கம்பியையே பிடுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில், அண்ணன் அதை வாங்கித் தன் கணினியில் செருகினார். என் எழுத்துகள் அந்த ஐரோப்பியக் கொம்பும் புள்ளியும் இல்லாமல் தமிழாகவே திரையில் எழுந்தன.

"திருத்தம் கிருத்தம் ஏதும் இருக்கா, தங்கச்சி? போன புத்தகத்துக்கு ஏழு தடவை திரும்பி வந்தே."

"இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. உள்ளே திரும்பி, "இவங்களோடத இப்பவே பிளேட்டு போட்டுருங்கப்பா," என்றார்.

தெருமுனைவரை நடந்தேன். ஐம்பத்தொன்றாவது கவிதையின் கடைசிச் சொல் தவறு என்று அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. சரியான சொல்லும் கூடவே வந்தது, சின்னதாக, கச்சிதமாக. அச்சகம் நாற்பது அடி தூரம். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் என்னையே பார்த்தார். அந்தச் சொல்லை யார் மேல் எறிவது என்று தெரியாத கடுப்போடு, ஏறிவிட்டேன்.