கோழிக்கு அடியில் கிடந்த சாவி

அடைக்கு உட்கார்ந்துவிட்ட கோழிக்கு உலகமே வேண்டாம். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று சீறும். எங்கள் தென்காசி வீட்டில் இரண்டு கோழி, ஒரு செவலை, ஒரு வெள்ளை. செவலை அப்படிச் சீறத் தொடங்கியது ஓர் ஆடிக் கடைசியில். எனக்கு ஏழு வயதிருக்கும். குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காலம். கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளானாலும் காயாது. பாவாடை கிடக்கட்டும், கோழிக்கு வருகிறேன்.

அம்மா பனையோலைப் பெட்டியில் மணலும் உமியும் பரப்பினாள். முட்டை பதினொன்று, இரட்டைப்படையில் வைத்தால் விளங்காதாம். மேற்கே வானம் கறுத்திருந்தது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், பெட்டிக்குள் இரும்பு கிடந்தால் இடி ஒன்றும் செய்யாது என்பார்கள்.

"ஏட்டி, ஒரு துண்டு இரும்பு எடுத்து அடியில போடு. குஞ்சு பொரிக்கது வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அம்மா கோழியைப் பிடிக்கப் போனாள்.

வீட்டில் இரும்புக்கா பஞ்சம்? ஆனால் என் கைக்கு எட்டியது ஆணியில் தொங்கிய சாவிதான். நல்ல கனமான சாவி. உமிக்கடியில் ஒரு மூலையில் புதைத்தேன். அதன்மேல் முட்டை, முட்டைமேல் கோழி.

அது சித்தியின் டிரங்குப் பெட்டிச் சாவி. சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. வைகாசியில் சிவகிரியில் கட்டிக்கொடுத்து, ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆவணி பிறந்ததும் திரும்பிப் போக வேண்டும். பட்டும் நகையும் அந்தப் பெட்டிக்குள்.

புறப்படுகிற அன்று வீடு தலைகீழானது. அப்பா அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினார். சொன்னால் சாவியை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் என் குஞ்சுகள் என்ன ஆகும்? நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் அப்பா சுத்தியலைத் தூக்கினார். சித்திதான் ஓடி வந்து தடுத்தாள்.

"பூட்டை உடைச்ச பெட்டியோட மாமியார் வீட்டுப் படி ஏறுனா வெளங்குமா அத்தான்? சாவி எங்க போயிரும்? கிடைக்கும்."

அதுவும் சரிதான் என்று அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். சிவகிரிக்குக் கார்டு போனது. பதில் கார்டு வந்தது, இன்னொன்றும் வந்தது.

"ஏளா, அவுக தப்பா நெனைக்கப் போறாக," என்று அம்மா புலம்பினாள்.

சித்தியோ செவலைக்குக் கூட்டாளியாகிவிட்டாள். தினமும் அவள்தான் அதைத் தூக்கிவிட்டுக் கம்பும் தண்ணீரும் வைப்பாள். அது தின்று வருவதற்குள் முட்டைகளைப் புரட்டி வைப்பாள். நான் நாளுக்கு ஒரு கோடு கரியால் சுவரில் இழுப்பேன். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான், இன்றைக்கும்! பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளை மிதக்கவிட்டோம். உயிருள்ளவை துள்ளித் துள்ளி ஆடின.

"உள்ள இருந்து உதைக்கு சித்தி! எப்ப வெளிய வரும்?" என்று குதித்தேன்.

"அதுக்கென்னட்டி அவசரம்? உள்ளயே சொகமாத்தான இருக்கு," என்றாள்.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு! இனிமேல் சொல்லலாம் என்று, "அம்மா, சாவி..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் சித்தி ஓலைப் பெட்டிக்குள் கையை விட்டாள். துழாவவில்லை, நேராக அந்த மூலைக்கே போனது கை. சாவியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"அடிப்பாவி மவளே!" என்று அம்மா என் தலையில் குட்டினாள். அப்பா சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஏறும்போது சித்தி என் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, அந்த வெள்ளைக்கோழி எப்ப அடைக்கு உக்காரும்?"

குஞ்சுகள்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று எனக்கு ஒரே பூரிப்பு. "உக்காந்ததும் சொல்லிவிடுதேன் சித்தி," என்றேன்.

சொன்ன சொல்லுக்காக அந்த வெள்ளைக்கோழியை எத்தனையோ நாள் பிடித்துப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பாழாய்ப்போன கோழி, முட்டைதான் இட்டது. உட்காரவே இல்லை.