இரட்டை வேகத்தில் ஓர் அண்ணன்

வாயில் பாதி ரொட்டித் துண்டு. வலது கை தலையணையை உறைக்குள் திணிக்கிறது. இடது கை ஈரத் துண்டைக் கூடைக்குள் எறிகிறது. குதிகால் பின்னால் போய்க் குளியலறைக் கதவைச் சாத்துகிறது. விருந்தினர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் காருக்காக நிற்பதற்குள், அவர் அந்த அறையில் படுத்து எழுந்த சுவடே இருக்காது. அப்படியொரு கை. விடுதியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்ததில் யாரும் தப்பு சொல்ல முடியாது.

"மெதுவா போக்கா, யாரு துரத்துறா உன்னை?" என்பார் சலவை அறைக்காரர். தன்னைவிட இளையவளையும் அக்கா என்றே கூப்பிடும் மனிதர்.

"நின்னா விழுந்துருவேன் மாமா. பம்பரம்னு பேரையும் வெச்சிட்டு நிக்கவும் சொன்னா எப்படி?"

படுக்கை விரிப்பும் துண்டும் சோப்பும் அடுக்கிய டிராலி ஒன்று எப்போதும் அவளுக்கு முன்னால் ஓடும். அதன் சக்கரத்தில், காலால் அழுத்துகிற சின்ன பிரேக் உண்டு. அதை அவள் தொட்டதே இல்லை. போடவும் எடுக்கவும் யாருக்கு நேரம்? அவள் அறைக்குள் நுழைந்ததும் டிராலி தன் பாட்டுக்கு உருண்டுபோய் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மாடிச் சுவர் முழுக்க இடுப்பு உயரத்தில் வடு. "சுவத்துக்கு வாய் இருந்தா கதறும்மா" என்று மேற்பார்வையாளர் அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுப்பதும் அவளால் ஆகாது.

"அக்கா, அந்த மூலை ரூம்ல..." என்று ஒருநாள் உடன் வேலை செய்யும் பெண் ஆரம்பித்தாள்.

"பல்பு போச்சு. சொல்லியாச்சு."

"இல்லக்கா, யாரோ ஒருத்தரு..."

"துண்டு கேட்டாரு. குடுத்தாச்சு."

"அய்யோ, கட்டில்ல ஒருத்தரு இன்னும் தூங்குறாருக்கா! நீ அவரு மேலயே பெட்ஷீட்டை விரிச்சிட்டு வந்திருக்கே!"

வீட்டிலும் இதே கதைதான். "அம்மா சொல்ற கதையில ராஜா பிறந்த உடனே செத்துருவாரு" என்று மகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அடுப்பு ஒரு பக்கம் எரிய, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, கால் விரலால் செருப்பைத் தேடுகிற அம்மாவுக்குக் கதையில் ராஜாவை வளர்த்து ஆளாக்க எங்கே நேரம்?

ஆனால் அவளை வளர்த்து ஆளாக்கியவர் ஒருவர் இருந்தார். அவளுடைய அண்ணன்.

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிற வேலை அவருக்கு. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் இடுப்புக் குழந்தை. விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. விடியும் முன்பே சந்தைக்குத் தூக்கிப் போய் வெங்காய மூட்டைகளின் மேல் படுக்கப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று கூவுவார். மழை தகரத்தில் கொட்டுகிற மாதிரி சடசடவென்று வரும் அந்தக் குரல். மற்ற பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டுத் தூங்கின. அவள் ஏலம் கேட்டுத் தூங்கினாள். தங்கைக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுத்தவர், தனக்கென்று ஒருத்தியைத் தேடிக்கொள்ளவே இல்லை.

அவர் இருப்பது ஓர் இரவு ரயில் தூரத்தில். தினமும் காலையில் தங்கைக்குக் குரல் செய்தி அனுப்பிவிடுவார். அவள் அதைப் போனில் இரட்டை வேகத்தில் வைத்து, காதில் ஒற்றை இயர்போனோடு, மெத்தையைப் புரட்டியபடி கேட்பாள். அவர் மட்டுமில்லை, எல்லோருடைய குரலும் அவளுக்கு இரட்டை வேகம்தான். ஏற்கெனவே ஏலக்காரர், அதில் இரட்டை வேகம் வேறு. கடலை வறுக்கிற சத்தம்தான் மிஞ்சும். 'பாப்பா' என்று தொடங்குவதும் 'உடம்பைப் பாத்துக்க' என்று முடிவதும் பிடிபடும். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். போனில் கூப்பிட்டுப் பேசினால் பேச்சு வளரும் என்று கூப்பிடவே மாட்டாள்.

சில மாதங்களாக அவளுக்கு ஒரு சந்தோஷம். அண்ணன் சொல்வது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. "எங்கண்ணன் இப்பதான் மாமா மனுஷன் மாதிரி பேசக் கத்துக்கிட்டிருக்கு. அவ்வளவு தெளிவு!" என்று சலவை அறையில் பெருமை அடித்துக்கொண்டாள். "சந்தையில வேற ஆள் வெச்சிட்டாங்க பாப்பா, எனக்கு ரெஸ்டுதான்" என்று ஒருநாள் செய்தி வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று அதற்கும் ஒரு கட்டைவிரல்.

அன்று போன் உறைந்து நின்றுவிட்டது. சலவை அறைக்காரர் அதை அணைத்து உயிர் கொடுத்து நீட்டினார். இயர்போன் எங்கோ விரிப்புகளுக்குள் சுருண்டு கிடந்தது. நின்றபடியே அண்ணன் செய்தியைச் சத்தமாகத் தட்டிவிட்டாள்.

"பா... ப்...பா..."

கனத்த மெத்தையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவது போல ஒரு குரல். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கு எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தது. 'சாப்பிட்டியா' என்ற ஒரே வார்த்தைக்குள் ஒரு யுகம் போனது.

"யாருக்கா இது? தூக்கத்துல பேசுறாரா?" என்றார் சலவை அறைக்காரர்.

"போனை என்னமோ பண்ணிட்டே மாமா. மெதுவா ஓடுது பாரு."

அவர் வாங்கிப் பார்த்தார். தன் மனைவி அவளுடைய எண்ணுக்கு அனுப்பியிருந்த செய்தி ஒன்றைத் தட்டினார். "அக்கா, எங்க வீட்டுக்காரரு போனை எடுக்க மாட்டேங்குறாரு, கொஞ்சம் சொல்லுங்க." சாதாரணப் பேச்சு. சாதாரண வேகம்.

"போன் நல்லாத்தான் இருக்குக்கா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "முந்தி நீதான் வேகமா ஓட விட்டுக் கேட்டுக்கிட்டிருந்திருக்கே. அணைச்சுப் போட்டதுல அது சாதாரணமாயிருச்சு."

அவள் போனைப் பிடுங்கினாள். துணி சுழலும் இயந்திரங்களின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முந்தின வாரத்துச் செய்தியைத் தட்டினாள். கொஞ்சம் குழறல் குறைந்தது. அதற்கு முந்தின மாதம். இன்னும் கொஞ்சம் குறைந்தது. பின்னோக்கிப் போகப் போக அண்ணன் குணமாகிக்கொண்டே வந்தார். கடைசியில், கடகடவென்று சிரித்துக்கொண்டு, தக்காளி விலையைத் திட்டிக்கொண்டு, மூட்டைமேல் தூங்கிய பாப்பாவுக்குத் தெரிந்த அந்த மழைக்குரல் வந்து நின்றது. அய்யோ! மாதக்கணக்காக அவர் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவள் தெளிவு என்று கொண்டாடியிருக்கிறாள். பாதியாகத் தேய்ந்த குரல், இரட்டை வேகத்தில் முழுசாகக் கேட்டிருக்கிறது.

உடனே அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, ஏன் இப்படிப் பேசுறே?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பயந்தாள்.

"எ...ப்படி... பாப்பா?"

"நாக்கு குழறுதே அண்ணா! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான்... தினமும்... என் குரலை... கேக்குறியே." மூச்சு வாங்கியது. "நான்... வருத்தப்படுவேன்னு... நீ... தெரியாத மாதிரி... இருக்கேன்னு... நினைச்சேன்."

துணிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பம்பரம் விழுந்ததை அந்த விடுதி அன்றுதான் பார்த்தது.

அன்றிரவே ரயிலேறிப் போனாள். அண்ணன் குடிக்கக் கற்றுக்கொண்டார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன்! ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததில் தலைக்குள் கட்டி. பொல்லாத கட்டியில்லை, ஆனால் மெல்ல மெல்ல வளர்ந்து மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். இத்தனை நாள் வீட்ல ஒருத்தர்கூடவா கவனிக்கல?" என்று மருத்துவர் கேட்டார். எல்லார் வாக்கியத்தையும் பிடுங்கி முடித்து வைக்கிறவள், அன்று அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'பா' என்ற எழுத்தோடு கதவு மூடிக்கொண்டது. அது திறக்கும்வரை அவள் பட்ட பாட்டை எழுத என் பேனாவுக்குத் திராணி இல்லை.

உயிர் பிழைத்தது. வேகம் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்து இரு என்று கெஞ்சிப் பார்த்தாள். சந்தைச் சத்தம் கேட்காத ஊரில் தூக்கம் வராது என்று அவர் மறுத்துவிட்டார். இப்போது குரல் செய்தி கிடையாது. காலையில் அவரே கூப்பிடுவார்.

அவள் கை இன்னும் அதே கைதான். நேற்றும் தலையணை உறைக்குள் பறந்தது, துண்டு கூடைக்குள் பாய்ந்தது. தாழ்வாரத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது போன் அடித்தது. பின்னால் சலவை அறைக்காரர், நிறைந்து வழியும் கூடையோடு வந்து நின்றார்.

"பாப்பா... நம்ம... சந்தையில... இன்னிக்கு... ஒரு..."

வார்த்தை சிக்கிக்கொண்டது. அவள் நாக்கு நுனியில் ஒன்றல்ல, ஒரு டஜன் வார்த்தைகள் வந்து துள்ளின. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வழி விடுக்கா, துணி காத்திருக்கு" என்றார் பின்னாலிருந்தவர்.

அவள் திரும்பவில்லை. போனைக் காதோடு வைத்தபடி ஒரு காலை நீட்டி, டிராலிச் சக்கரத்தின் பிரேக்கை அழுத்தினாள்.