ஏழு இருபதுக்கு வந்த குப்பை வண்டி

எங்கள் சங்கத்தின் சஞ்சிகையில் சென்ற இதழில் ஒருவர் ரைன் அருவிக்குப் போய்வந்ததை எழுதியிருந்தார். அதற்கு முந்தைய இதழில் லூசேர்ன் மரப்பாலம். “நீங்களும் போன இடத்தை எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்” என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. நான் இந்த நாட்டில் பார்க்கவென்று போன இடம் ஒன்றுதான். சூரிச் நகரின் குப்பை எரிக்கும் ஆலை. அதை எழுதுகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

போனது 1987 நவம்பர் கடைசியில். நான் லாங்கன்தாலில் அக்கா வீட்டில் இருந்து அவளுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணை சூரிச்சில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவுகிறார். அந்த வெள்ளிக்கிழமை பெர்னில் அவருடைய அகதி மனுவுக்கான விசாரணை இருந்தது. அதற்கு முன் அவருடைய அறையைத் துப்புரவாக்கி, உடுப்புகளைத் தோய்த்து அழுத்திக் கொடுத்துவிட்டு வா என்று அக்கா என்னை அனுப்பினாள்.

திங்கட்கிழமை பிற்பகல் 2.08க்கு லாங்கன்தாலில் ரயில். ஓல்டனில் மாற வேண்டும், எதிர்ப் பக்க மேடைதான், ஏழு நிமிடம் போதும். சூரிச்சில் 3.25. தூரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அரைக்கட்டண அட்டை இருந்ததால் போக ஒன்பது பிராங். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. சீட்டுப் பரிசோதகர் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லாமல் சீட்டையும் அட்டையையும் நீட்டினேன். அப்படித்தான் எனக்கு வழக்கம். வாயால் சொல்ல வேண்டியதைக் கையால் காட்டிவிடுவேன்.

அண்ணையின் அறை லாங்ஸ்ட்ராஸவுக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாம் மாடி. அவருடைய கூட்டாளி இராசன் அண்ணையும் அதே அறைதான். அவருக்கு இரவு வேலை, பகலெல்லாம் நித்திரை. அறை சின்னது, ஆனால் சுவரோடு இருந்த வெப்பமூட்டி நன்றாகச் சுட்டது. லாங்கன்தாலில் அத்தான் எண்ணெய்க் கணக்குப் பார்த்துத் திருகைக் குறைத்தே வைப்பார். இங்கே முதுகைச் சாய்த்துக்கொண்டு, “இதுக்கு ஆர் எண்ணெய் ஊத்துறது?” என்று கேட்டேன்.

“எண்ணெயும் இல்லை, விறகும் இல்லை. ஊர்க் குப்பையை எரிச்சு அந்தச் சூட்டில தண்ணியைக் கொதிக்க வைச்சு நிலத்துக்குக் கீழால குழாயில அனுப்புறாங்கள்” என்றார் அண்ணை.

“விசர்க் கதை கதையாதேங்கோ.”

“நீ இண்டைக்கு உரிச்ச வெங்காயத் தோல் நாளையிண்டைக்கு உன்ர முதுகைச் சுடும், பார்” என்று இராசன் அண்ணை போர்வைக்குள் இருந்தபடி சொன்னார். மூவரும் சிரித்தோம்.

அடுத்த நாள் செவ்வாய். அந்தத் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் குப்பை எடுப்பார்கள் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணை ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டார். நான் எழுந்து தரையைக் கூட்டி, கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த குப்பைப் பையை இறுக்கிக் கட்டி, படியிறங்கித் தெரு ஓரத்தில் மற்றப் பைகளோடு வைத்தேன். இறங்கும்போது பையின் அடியில் ஏதோ டின் முழங்காலில் இடித்தது. வெறும் டின் என்று நினைத்தேன்.

பிற்பகல் இரண்டேகாலுக்கு அண்ணை வந்தார். தண்ணீர் குடிக்கப் போனவர் குனிந்து பார்த்தார்.

“இதுக்குள்ள இருந்த பை எங்கயடி?”

“காலமை கீழ வைச்சிட்டன் அண்ணை. இண்டைக்குச் செவ்வாய் எல்லோ.”

அவர் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். “அடியில பால்மா டின் இருந்தது” என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊரில் ஆமி சுற்றிவளைக்கும் நாட்களில் அம்மா தோடுகளையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் ஒரு டின்னில் போட்டு மூடி, குசினிக் குப்பைக் கடகத்தின் அடியில் வைத்து, மேலே மீன் செதிலைக் கொட்டிவிடுவாள். ஆமிக்காரர் அலுமாரியைக் கவிழ்ப்பார்கள், தலையணையைக் கிழிப்பார்கள். மீன் செதிலுக்குள் கை வைக்க மாட்டார்கள். அண்ணை இந்த நாட்டிலும் அதையே செய்திருக்கிறார். பை நிரம்பினால் டின்னை எடுத்துப் புதுப் பையின் அடியில் வைப்பாராம். அந்த டின்னுக்குள் அவருடைய கடதாசிகள் எல்லாம் இருந்தன. ஆமி முகாமில் அவரை ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு விடும்போது எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசியும் இருந்தது. மற்றவற்றை ஊரிலிருந்து திரும்ப எடுப்பிக்கலாம். அந்தத் துண்டுக்குப் பிரதி கிடையாது. அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு வெள்ளிக்கிழமை காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

இராசன் அண்ணை எழும்பிவிட்டார். “ஆமிக்காரனுக்கு ஒளிச்சு வெண்டனீ, தங்கச்சியிட்டத் தோத்துப் போனாய். டேய், ஊரில குப்பை வளவுக்குள்ளயே கிடக்கும். இஞ்ச அதுக்கு ரயில் மாதிரி நேரம் இருக்கு!” என்றார். அண்ணை சிரிக்கவில்லை. “எழும்பு பிள்ளை, போய்ப் பார்ப்பம்” என்றார்.

ஆலைக்கு வழி சுலபம். லாங்ஸ்ட்ராஸ வழியே போய், ரயில் பாதைகளுக்குக் கீழே செல்லும் சுரங்கவழியைக் கடந்து இடது பக்கம் திரும்பினால் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்தபடியே நடக்கலாம். இருபது நிமிடம். செலவில்லை. நாங்கள் பன்னிரண்டு நிமிடத்தில் போனோம்.

வாசலில் வண்டிகளை நிறுக்கும் மேடை. பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே நீல மேலங்கி போட்ட, மீசை நரைத்த ஒருவர் இருந்தார். அண்ணை தனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவருக்கும் தொப்பி கொடுத்து, இரும்புப் படிகளால் மேலே கூட்டிக்கொண்டு போனார். படியில் போகும்போது அவர் கேட்டதை அண்ணை திரும்பி எனக்குச் சொன்னார்.

“வண்டி எத்தினை மணிக்கு எடுத்தது எண்டு கேக்கிறார்.”

“ஏழு இருபது” என்றேன்.

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“சத்தம் கேட்டது.”

அண்ணை அதற்குமேல் கேட்கவில்லை.

மேலே பாரந்தூக்கி இயக்குபவரின் அறை. ஒரு பெரிய கண்ணாடி. அதற்குக் கீழே கிடங்கு. எங்கள் ஊர்க் கோயில் கேணியைப் போல் நாலு கேணி கொள்ளும். அதன் பாதிவரை குப்பை. மேலிருந்து ஓர் இரும்புக் கை இறங்கி, விரல்களை விரித்து, ஒரு பிடி அள்ளி, இன்னொரு மூலையில் உதறியது. கண்ணாடிக்கு இப்பாலும் புளித்த நாற்றம் வந்தது. ஏன் அள்ளி அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று அண்ணை கேட்டார். ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்தால்தான் நெருப்பு ஒரே சீராக எரியுமாம், வீடுகளுக்குப் போகும் சூடும் ஒரே சீராக இருக்குமாம். காலையில் வந்த பைகள் ஒன்பது மணிக்குள் கொட்டப்பட்டுவிட்டன. எரிந்திருக்காது, இதற்குள்தான் எங்கேயோ இருக்கும் என்றார் மீசைக்காரர். கீழே இறங்க யாருக்கும் அனுமதி இல்லை.

நாங்கள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தோம். எல்லாப் பைகளும் ஒரே சாம்பல் நிறம். ஒருதடவை அண்ணை, “அது! அந்த மூலையில!” என்று கத்தினார். பாரந்தூக்கிக்காரர் கையை அங்கே இறக்கி, நாலைந்து பைகளை மெதுவாகத் தூக்கி எங்கள் முன்னால் கொண்டுவந்து பிடித்தார். கிழிந்த பையிலிருந்து உருளைக்கிழங்குத் தோல் விழுந்தது. ஒரு பிள்ளையின் சப்பாத்து விழுந்தது. எங்களுடையது இல்லை. நாங்கள் கேட்காமலே அப்படி மூன்று தடவை செய்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பிறகு அவர் ஒரு பெரிய பிடியை அள்ளி அடுப்பின் வாய்க்குள் போட்டார். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறங்கி வரும்போது மீசைக்காரர் எரிந்த சாம்பல் வெளியே வரும் இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு காந்தம் இரும்பை மட்டும் பிரித்தெடுக்கிறது. கறுத்து நெளிந்த டின்கள் குவியலாகக் கிடந்தன. “டின் வரும்” என்றாராம். உள்ளே இருந்த கடதாசி என்னவாகும் என்று அண்ணை கேட்டதற்கு உள்ளங்கையை விரித்து ஊதிக் காட்டினார். பக்கத்தில் என் இடுப்பளவு தடிப்பில் துணி சுற்றிய குழாய் ஒன்று சுவருக்குள் போனது. எங்கள் தெருப் பெயரைச் சொல்லி, இது அந்தப் பக்கம் போகிறது என்றார். முதல் நாள் நான் நம்பாமல் சிரித்த கதை உண்மைதான்.

வாசலில் விடைபெறும்போது அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அண்ணை பாதியை மட்டும் எனக்குச் சொன்னார். மீதியை நானே விளங்கிக்கொண்டேன். ஜேர்மன் வகுப்புக்கு ஆறு மாதம் போயிருக்கிறேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அறைக்கு வந்தபோது ஐந்தரை. அண்ணை நனைந்த காலுறைகளைக் கழற்றி வெப்பமூட்டியில் காயப்போட்டார். “என்ர துண்டும் ஒரு நாளைக்கு இதைக் காய வைக்கும்” என்றார். நான் அழுதேன். “நீ ஏன் அழுகிறாய்? நான் எல்லோ குப்பைக்குள்ள வைச்சனான். உனக்குச் சொல்லாமல் விட்டது என்ர பிழை” என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

அன்று காலை வண்டியின் சத்தத்தைக் கேட்டது மட்டுமல்ல, நான் பார்த்தேன். பையை வைத்துவிட்டு மேலே வந்து கை கழுவும்போது அம்மாவின் கடகம் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். வண்டி நேர் கீழே நின்றது. ஒருவர் எங்கள் பையைக் கையில் எடுத்திருந்தார், நான் போட்ட இரட்டை முடிச்சுத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் நாயோடு நின்றார். நில் என்பதற்கு ‘ஹால்ட்’ என்ற சொல் எனக்குத் தெரியும். சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். பிறகு அது வெறும் டின்னாக இருந்தால்? நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சுவர் மணிக்கூட்டில் ஏழு இருபது.

வெள்ளிக்கிழமை பெர்னில் அந்தத் துண்டைக் கேட்டார்கள். எரிந்துவிட்டது என்று அண்ணை சொன்னார், எழுதிக்கொண்டார்கள். மார்ச்சில் மறுத்துக் கடிதம் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறது. அந்தத் துண்டு இருந்திருந்தால் பதில் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. போன கிழமை வழக்கறிஞர் அண்ணையிடம், அது குப்பையோடு போனதைக் கண்ணால் கண்டவர் யாராவது உண்டா என்று கேட்டாராம். ஒருவரும் இல்லை என்று அண்ணை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இந்தச் சஞ்சிகையைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தைப்பவர் அண்ணைதான். உங்களுக்கு முன் அவர் இதை வாசிப்பார். அண்ணை, திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் நானும் வாறன். அவர் கேட்டால் வாயால் சொல்லுவன்.

போக வேண்டி வருபவர்களுக்குச் சில விஷயங்கள். உங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாளைத் தெரிந்து வைத்திருங்கள். முக்கியமான கடதாசிகளைப் பிரதி எடுத்து வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள், இங்கே வீட்டுக்குள் வந்து கொட்டித் தேட ஆமி இல்லை. ஏதாவது தவறிப் போனால் அதே நாள் காலையில் ஆலைக்குப் போங்கள், பையின் நிறத்தையும் முடிச்சையும் சொல்லுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு போய்ப் பயனில்லை. சப்பாத்துப் போட்டுப் போங்கள், படிகள் இரும்பு.

மீசைக்காரர் வாசலில் சொன்னது இதுதான். ஒவ்வொரு கிழமையும் யாராவது வண்டியை நிறுத்தி மோதிரம், பல்செட்டு என்று தேடி எடுக்கிறார்களாம். ஓட்டுநர்களுக்கு அது பழக்கம். கத்த வேண்டியதில்லை, பாஷை தெரிய வேண்டியதில்லை, கையை உயர்த்தினால் போதும், நின்றுவிடுவார்களாம்.

ஜன்னலில் நின்ற நேரம் முழுவதும் என் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.