எக்காளப் புத்தகம்

உலகம் அழியப்போகிறது என்று கேட்டு எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தேன்.

எங்கள் ஊர் வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில். எழுபதுகளின் கடைசியில் அங்கே கோடை வந்தால் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொட்டை உடைப்பார்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு பிளந்து பருப்பு வரும், கூடவே எண்ணெயும் வரும். அந்த எண்ணெய் பட்ட இடம் வெந்து கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் தப்பாது. சோப்புப் போட்டாலும் போகாது, தோல் உரிந்தால்தான் உண்டு. என் வயதுப் பெண்களெல்லாம் கொட்டை உடைத்தார்கள். என்னை மட்டும் சித்தி கிட்டவே விடமாட்டாள். "தள்ளிப் போ புள்ள, கை வெந்துரும்" என்று விரட்டுவாள். அதனால் எங்கள் கொட்டகையில் சுத்தமான கை எனக்கு மட்டும்தான் இருந்தது.

அந்தக் கைக்குத்தான் புத்தகம் வந்து சேர்ந்தது. அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ இலவசமாகக் கொடுத்தார் என்று அப்பா கொண்டுவந்து போட்டார். கதைப் புத்தகம். ஒரு நாள் காலையில் வானத்தில் எக்காளம் ஊதுகிறது. ஒரு குடும்பத்தில் பாதிப் பேர் மேலே மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள், மீதிப் பேர் இங்கேயே விடப்படுகிறார்கள். விடப்பட்டவர்கள் படும் பாடுதான் கதை. கொட்டகையில் மூன்று பேர் உடைப்பார்கள்: சித்தி, அப்பாவின் தங்கையான அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சித்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அந்தக் கையோடு புத்தகத்தைத் தொட முடியுமா? ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படிப்பேன், அவர்கள் கேட்டுக்கொண்டே உடைப்பார்கள்.

கேட்டுக்கொண்டே என்று சொல்வது சும்மா மரியாதைக்கு. நான் ஒரு வரி படித்தால் அவர்கள் மூன்று வரி பேசுவார்கள். வயலில் நின்றவள் ஏர்மாட்டை விட்டுவிட்டு மேலே போய்விட்டாள் என்று வந்ததும் அத்தைக்குக் கோபம். "மாட்ட அவுத்துக் கட்டிட்டுப் போகக் கூடாதா? வாயில்லா சீவன் என்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். பெரியம்மாவுக்கு வேறு கவலை. "ஏண்டி, இதுல உத்தரிக்கிற ஸ்தலமே வரலையே? மேல போறவன், கீழ கெடக்குறவன்னு ரெண்டே கூட்டமா இருக்கு. என்னய மாதிரி ஆளு எங்க போறதாம்?" செத்தபின் பாவக் கடன் தீரும்வரை அந்த ஸ்தலத்தில் கிடக்க வேண்டிய ஆள்தான், நேராக மோட்சம் போகிற ஆள் இல்லை என்பதில் பெரியம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது.

வலது கையில் சாத்தானின் முத்திரை குத்திக்கொள்ளாதவன் கடையில் ஒன்றும் வாங்க முடியாது என்ற இடம் வந்தது. "ரேஷன் கார்டு மாதிரியா?" என்றாள் அத்தை. சித்தி தன் கறுத்த உள்ளங்கையை விரித்துக் காட்டி, "நமக்கு எப்பவோ குத்தியாச்சு" என்றாள். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அது நம்ம சபைப் புத்தகம் இல்லை என்று உபதேசியார் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் தலை தெரிந்தால் புத்தகத்தை முறத்துக்கு அடியில் தள்ளிவிடுவேன், அவர் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவேன். பகலில் இப்படிச் சிரித்தார்களே தவிர, சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மூன்று பேரின் குரலும் வழக்கத்தைவிடப் பலமாகவே எழும்பியது.

எனக்குப் பயமில்லை. மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. மறு வருஷமே அம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து சித்தி என்று கூப்பிட்டவளை அப்புறமும் சித்தி என்றே கூப்பிட்டேன். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவில் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பூசைக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் நடந்த ஒரு முதுகும் ஈரப் பின்னலும்தான். அந்த முதுகு ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும் என்று ஏங்கினேன். கல்லறைகள் திறக்கிற படம் போட்ட பக்கத்தைத் தனியாக எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒரே ஒரு கவலை இருந்தது. பால் பல் விழுந்து பெரிய பல் முளைத்துவிட்டதே, அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா?

அந்தப் பக்கத்தை நான் வாசித்துக் காட்டிய அன்றைக்கு யாரும் குறுக்கே பேசவில்லை. கதையில் ஒரு தாய் கல்லறையிலிருந்து எழுந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கையிலிருந்த கொட்டையைப் பார்த்தபடியே சித்தி கேட்டாள்.

"ஏம் புள்ள, மூத்தா எந்திரிச்சு வந்துட்டா, எளையாளுக்கு என்னான்னு அதுல போட்டுருக்கா?"

போட்டிருக்கவில்லை. அப்படியொரு பேச்சே புத்தகத்தில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சித்தி வீட்டில் இருப்பதைப் பார்த்தால் அம்மா வாசலோடு திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஞானோபதேச வகுப்பில் பழகிய குரலில் வாசித்தேன். "அந்நாளிலே மூத்தவள் தன் வீட்டுக்குத் திரும்புவாள். இளையவளோ இடம் விட்டு விலகிப் புறம்பே நிற்பாள்."

வேத வாக்கியம் போலவே அமைந்துவிட்டது. பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை, "இது என்னா புத்தகம், மூடி வையி" என்றாள். சித்தி "அப்புடியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் புத்தகத்தை எடுக்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். சித்திதான், "மிச்சத்தப் படி புள்ள" என்றாள். ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தாள். நான்கைந்து நாளில் புத்தகம் முடிந்தது. உலகம் அழியவில்லை, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி மெழுகுவர்த்தி ஏற்றும். வழக்கமாக அப்பாதான் என்னை அழைத்துப்போவார். அந்த வருஷம் சித்தி வந்தாள். அம்மாவின் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள், சாமந்திப்பூ வைத்தாள், மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்து ஏற்றச் சொன்னாள். பிறகு என் தோளைப் பிடித்துச் சிலுவைக்கு எதிரே நிறுத்தினாள்.

"எக்காளம் ஊதுனா, எங்க இருந்தாலும் ஓடியாந்து இங்கன நின்னுக்க. அக்கா எந்திரிச்சா மொதல்ல உன்னத்தான் தேடும்."

"அம்மாவுக்கு என்னயத் தெரியுமா? பல்லெல்லாம் மாறிப்போச்சே."

சித்தி என் வலது காதை மடக்கிப் பார்த்தாள். "இந்தா, காதுக்குப் பின்னால மச்சம். நீ பொறந்த அன்னிக்கு அக்காதான் எனக்குக் காட்டுச்சு. இத வச்சுக் கண்டுபுடிச்சுரும்."

"நீ?"

"நா வூட்டப் பாத்துக்குறேன். மாடு கன்னு இருக்குல்ல."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அம்மாவுக்கு என்னைத் தெரிந்துவிடும். மாட்டை அவிழ்த்துக் கட்டவும் ஆள் இருக்கிறது. வீடு வரைக்கும் சித்தியின் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டே வந்தேன்.

சித்தி இறந்து மூன்று வருஷமாகிறது. அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. தாள்கள் பழுத்திருந்தாலும் என் கை மட்டுமே பட்டதால் கறை இல்லாமல் இருந்தன. கல்லறைகள் திறக்கிற படம் போட்ட பக்கம் மட்டும் அப்படியில்லை. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் கறுப்பாக விரல் தடம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒன்று விடாமல். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. முந்திரி எண்ணெய் காகிதத்திலிருந்தும் போவதில்லை.

கை கறுத்திருந்த அந்தக் கோடையிலேயே அவள் தேடியிருக்கிறாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, நான் வாசித்த இரண்டு வரி அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். அது தெரிந்த பிறகுதான் நவம்பரில் என்னைக் கல்லறைக்கு அழைத்துப்போய் மச்சத்தைக் காட்டியிருக்கிறாள். நான் வெளியே நிறுத்தியவள்தான் என் கையில் கறை படாமல் பார்த்துக்கொண்டவள் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது சொல்வதற்கு அவள் இல்லை.

அம்மாவுக்குப் பக்கத்திலேயே சித்திக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு பேருக்கும் ஏற்றுகிறேன். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்ற கவலை இப்போது இல்லை. எக்காளம் ஊதி எல்லோரும் எழுந்து நிற்கும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தி மட்டும் எழுந்திருக்காமல் படுத்திருப்பாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.